ஓர் ஆண்டில் எந்தக் கிழமை எத்தனை முறை வரும்? காலண்டரைப் புரட்டாமல் கணக்கிடும் வழி

2026-இல் எத்தனை வியாழக்கிழமைகள் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் 52 என்பார்கள். சரியான விடை 53. அந்தக் கூடுதல் வியாழன், வியாழன்தோறும் கூலி கொடுப்பவருக்கு ஒரு கூலி நாள், வகுப்பு எடுப்பவருக்கு ஒரு வகுப்பு, சந்தைக்குச் சரக்கு அனுப்புபவருக்கு ஒரு சந்தை. 'வருடத்துக்கு 52 வாரம்' என்ற வாய்க்கணக்கு ஆண்டுத் திட்டம் போடும்போது காலை வாருவது இங்கேதான். இதைச் சரியாகப் போட 12 மாதத் தாளையும் புரட்டி எண்ண வேண்டியதில்லை. இரண்டு விவரம் போதும்: ஜனவரி 1 என்ன கிழமை, அந்த ஆண்டு லீப் ஆண்டா இல்லையா.

## அடிப்படைக் கணக்கு

365-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 52, மீதி 1. 366-ஐ வகுத்தால் ஈவு அதே 52, மீதி 2. ஆண்டின் முதல் 364 நாட்களில் ஏழு கிழமைகளும் தலா 52 முறை வந்து முடிந்துவிடும். சாதாரண ஆண்டில் மிஞ்சுவது டிசம்பர் 31 மட்டும். லீப் ஆண்டில் டிசம்பர் 30, 31 இரண்டும் மிஞ்சும்.

மிஞ்சிய நாள் எந்தக் கிழமை? 364 நாள் என்பது முழு வாரங்கள். அதனால் 365-ஆவது நாள் மறுபடியும் ஜனவரி 1-இன் கிழமையிலேயே வந்து நிற்கும். 366-ஆவது நாள் ஜனவரி 2-இன் கிழமை. ஆக விதி இதுதான்:

சாதாரண ஆண்டில் ஜனவரி 1 எந்தக் கிழமையோ அது மட்டும் 53 முறை, மற்ற ஆறும் 52 முறை. லீப் ஆண்டில் ஜனவரி 1, ஜனவரி 2 ஆகிய இரு நாட்களின் கிழமைகளும் 53 முறை, மற்ற ஐந்தும் 52 முறை. எந்த ஆண்டிலும் எந்தக் கிழமையும் 51-க்கு இறங்காது, 54-க்கு ஏறாது.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சாதாரண ஆண்டு தொடங்கிய கிழமையிலேயே முடியும். 2026 வியாழனில் தொடங்குகிறது. டிசம்பர் 31-உம் வியாழன். லீப் ஆண்டு, தொடங்கிய கிழமைக்கு அடுத்த கிழமையில் முடியும். உங்கள் கணக்கில் அப்படி வரவில்லையென்றால் எங்கோ ஒரு நாள் தவறியிருக்கிறது.

## ஜனவரி 1-இன் கிழமையைக் கண்டுபிடிக்க

கையில் காலண்டர் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஐந்தாறு ஆண்டு முன்னோக்கித் திட்டம் போடுபவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும் இது கட்டாயம் வேண்டும்.

2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 சனிக்கிழமை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆண்டிலிருந்து 2000-ஐக் கழியுங்கள். 2026 என்றால் 26.
2. அதை 4-ஆல் வகுங்கள். மீதி இருந்தால் ஈவோடு 1 கூட்டுங்கள். மீதி இல்லையென்றால் ஈவை அப்படியே வையுங்கள். 26-ஐ 4-ஆல் வகுத்தால் 6, மீதி 2. ஆகவே 7.
3. இரண்டையும் கூட்டுங்கள். 26 + 7 = 33.
4. 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுங்கள். 33-இல் மீதி 5.
5. சனிக்கிழமையிலிருந்து அத்தனை நாள் முன்னோக்கி நகருங்கள். ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 4, வியாழன் 5. விடை வியாழன்.

இரண்டாவது படியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். மீதி இருக்கும்போது ஏன் 1 கூட்ட வேண்டும்? 2000-உம் லீப் ஆண்டுதான். அதில் கூடுதலாக வந்த பிப்ரவரி 29, 2001-இன் ஜனவரி 1-ஐயே ஒரு நாள் தள்ளிவிட்டது. ஆனால் 2028-க்குக் கணக்கிடும்போது 2028-இன் பிப்ரவரி 29 இன்னும் வரவில்லை. அது அந்த ஆண்டு ஜனவரி 1-ஐப் பாதிக்காது. அதனால் 28-க்கு 7 மட்டும்: 28 + 7 = 35, மீதி 0, ஆகவே சனிக்கிழமை. ஒன்று கூட்டியிருந்தால் ஞாயிறு என்று தவறாக வந்திருக்கும்.

இந்த வழி 2000 முதல் 2100 வரை சரியாக வரும். 2101-க்குப் போட்டால் ஒரு நாள் பிசகும், ஏனென்றால் 2100 லீப் ஆண்டு அல்ல. 100-ஆல் வகுபடும் ஆண்டு, 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 அப்படி வகுபட்டது, 1900 வகுபடவில்லை, 2100-உம் வகுபடாது. '4-ஆல் வகுபட்டால் லீப்' என்று மட்டும் படித்து வைத்திருப்பவர்கள் 1900-க்கு முந்தைய தேதிகளுக்குக் கிழமை சொல்லப் போய் ஏமாறுவது இதனால்தான்.

கணக்குப் போட்டு வைத்த சில ஆண்டுகள், உடனடிப் பயன்பாட்டுக்கு:

2023: ஞாயிறு 53
2024 (லீப்): திங்கள் 53, செவ்வாய் 53
2025: புதன் 53
2026: வியாழன் 53
2027: வெள்ளி 53
2028 (லீப்): சனி 53, ஞாயிறு 53
2029: திங்கள் 53
2030: செவ்வாய் 53
2031: புதன் 53
2032 (லீப்): வியாழன் 53, வெள்ளி 53
2033: சனி 53

சாதாரண ஆண்டு முடிந்தால் அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளித் தொடங்கும். லீப் ஆண்டு முடிந்தால் இரண்டு கிழமை தள்ளும். 2028 சனியில் தொடங்கியதால் 2029 ஞாயிறைத் தாண்டித் திங்களில் தொடங்குகிறது. இந்த ஒரு வரியை வைத்தே பட்டியலை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம்.

## மாதத்துக்கு எத்தனை?

ஆண்டுக் கணக்கைவிட அன்றாடத்தில் அதிகம் தேவைப்படுவது மாதக் கணக்கு. பாட்டு வகுப்புக் கட்டணம், வாரச் சீட்டு, சனிக்கிழமைக் கூலி எல்லாம் மாதத்தில் 4 முறையா 5 முறையா என்பதில்தான் நிற்கின்றன.

இங்கேயும் மீதிதான் வழிகாட்டி. 28 நாள் மாதத்தில் எல்லாக் கிழமையும் 4 முறை. 29 நாள் என்றால் 1-ஆம் தேதியின் கிழமை மட்டும் 5 முறை. 30 நாள் என்றால் 1, 2 தேதிகளின் கிழமைகள். 31 நாள் என்றால் 1, 2, 3 தேதிகளின் கிழமைகள். எந்த மாதத்துக்கு 31 என்பது நினைவில்லையென்றால், கை முட்டியையும் முட்டிக்கு நடுவில் உள்ள பள்ளத்தையும் தொட்டு எண்ணும் பழைய முறையே போதும்.

அடுத்த மாதம் எந்தக் கிழமையில் தொடங்கும் என்பதற்கும் அதே மீதி: 31 நாள் மாதத்துக்குப் பின் 3 கிழமை தள்ளும், 30 நாள் மாதத்துக்குப் பின் 2, பிப்ரவரிக்குப் பின் 0, லீப் ஆண்டுப் பிப்ரவரிக்குப் பின் 1. 2026-ஐ எடுத்துக்கொண்டால் ஜனவரி வியாழன், பிப்ரவரி ஞாயிறு, மார்ச் ஞாயிறு, ஏப்ரல் புதன், மே வெள்ளி, ஜூன் திங்கள், ஜூலை புதன், ஆகஸ்ட் சனி, செப்டம்பர் செவ்வாய், அக்டோபர் வியாழன், நவம்பர் ஞாயிறு, டிசம்பர் செவ்வாய்.

அதிலிருந்து ஐந்து வியாழன் உள்ள மாதங்களைப் பொறுக்கினால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், டிசம்பர். ஐந்து ஞாயிறு என்றால் மார்ச், மே, ஆகஸ்ட், நவம்பர். முதலில் 5 மாதம், இரண்டாவதில் 4 மாதம். இது தற்செயல் அல்ல. எந்தக் கிழமையும் ஒவ்வொரு மாதமும் குறைந்தது 4 முறை வரும். 12 மாதத்துக்கு 48. மொத்தம் 52 ஆக வேண்டுமானால் 4 மாதங்களில் ஐந்தாவது முறை வந்தாக வேண்டும். 53 ஆக வேண்டுமானால் 5 மாதங்களில். ஆகவே எந்த ஆண்டை எடுத்தாலும் எந்தக் கிழமைக்கும் 'ஐந்து முறை மாதம்' 4 அல்லது 5-தான். அட்டவணை போட்டு முடித்ததும் இதை எண்ணிப் பாருங்கள். 3 அல்லது 6 வந்தால் அட்டவணையில் பிழை.

'மாதத்துக்கு நாலு வாரம்' என்று போடும் கணக்கு எவ்வளவு தவறு என்பதும் இதிலிருந்தே தெரியும். வாரம் 6,000 ரூபாய் கூலி கொடுப்பவர் மாதம் 24,000 என்று வைத்து 12-ஆல் பெருக்கினால் 2,88,000. உண்மையில் 52 வாரத்துக்கு 3,12,000 தேவை. ஒரு தொழிலாளிக்கு 24,000 ரூபாய், அதாவது முழுதாக நான்கு வாரக் கூலி துண்டு விழுகிறது. சனிக்கிழமைக் கூலி வழக்கமுள்ள தொழில்களில் 2028-க்கு 3,18,000 எடுத்து வைக்க வேண்டும், அந்த ஆண்டில் சனி 53 முறை என்பதால்.

மே 2026 வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அதில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஐந்து முறை வருகின்றன. இப்படிப்பட்ட மாதம் '823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், பத்து பேருக்கு அனுப்பினால் பணம் கொட்டும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். 31 நாள் மாதம் எது வெள்ளியில் தொடங்கினாலும் இதுதான் நடக்கும். 2027-இல் ஜனவரி, அக்டோபர் என இரண்டு மாதங்கள் அப்படி. எப்போதாவது ஓர் ஆண்டு, 2029 போல, அந்த மாதம் இல்லாமல் போகலாம், அவ்வளவுதான். பிப்ரவரியில் எல்லாக் கிழமையும் சரியாக 4 முறை வருவது அதிசயம் என்று வரும் செய்தியும் இதே ரகம். லீப் அல்லாத ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான்.

## வேலை நாட்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை வேலை என்றால், விழா விடுமுறைகளைக் கழிக்கும் முன் ஆண்டுக்கு 260 முதல் 262 நாட்கள். 2026-இலும் 2027-இலும் 261. 2024-இல் 262, ஏனென்றால் கூடுதலாக வந்த இரண்டும் (திங்கள், செவ்வாய்) வேலை நாட்கள். 2028 லீப் ஆண்டாக இருந்தும் 260-தான். கூடுதல் இரண்டும் சனி, ஞாயிறில் போய்விடுகின்றன. 'லீப் வருடம், ஒரு நாள் கூடுதல் வேலை' என்று எழுதிவைப்பவர்கள் இந்த ஆண்டில் தவறுவார்கள்.

ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் 312 முதல் 314. 2023-இல் 312, 2026-இல் 313, 2024-இல் 314. இந்த 312-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 26 நாள். பணிக்கொடை கணக்கிடும்போது மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுக்காமல் 26-ஆல் வகுப்பதை இதோடு பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

வங்கிகளுக்கு வேறு கணக்கு. 2015 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கி விடுமுறை. அது ஆண்டுக்கு 24 சனி. மீதம் உள்ள முதல், மூன்றாம், ஐந்தாம் சனிகள் 28; சனி 53 முறை வரும் ஆண்டில் 29. அந்த நாளில் வேறு விழா வந்தால் அதைத் தனியாகக் கழிக்க வேண்டும். 2026-இன் ஐந்தாம் சனிகள் ஜனவரி 31, மே 30, ஆகஸ்ட் 29, அக்டோபர் 31. 'கடைசிச் சனி விடுமுறை' என்று தவறாக நினைவில் வைத்திருப்பவர்கள் குழம்புவது இந்த நான்கு நாட்களில்தான்.

வாரம் இரண்டு நாள் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. செவ்வாய், வெள்ளி என்று வைத்தால் ஆண்டுக்கு 104 அல்லது 105 வகுப்பு. 106 ஒருபோதும் வராது. லீப் ஆண்டில் 53 முறை வரும் இரு கிழமைகளும் அடுத்தடுத்தவையாகத்தான் இருக்கும். சனி, ஞாயிறு என்று வைத்தால் 2028-இல் 106 வரும்.

## இரண்டு தேதிகளுக்கு நடுவே

ஆண்டு முழுதும் இல்லாமல் இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை எத்தனை ஞாயிறு என்று கேட்டால், மொத்த நாளை 7-ஆல் வகுத்து மட்டும் விடை சொல்லாதீர்கள். மீதி நாட்களில் ஒரு ஞாயிறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் ஞாயிறைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு.

2026 ஜூன் 10 முதல் நவம்பர் 20 வரை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 1 திங்கள், ஆகவே ஜூன் 10 புதன், முதல் ஞாயிறு ஜூன் 14. அதற்குப் பின் ஜூனில் 16 நாள், ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பரில் 20, கூட்டினால் 159. ஏழால் வகுத்தால் 22. முதல் ஞாயிறையும் சேர்த்து 23. கடைசி ஞாயிறு நவம்பர் 15 என்று காலண்டரில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யலாம். அந்த '1'-ஐச் சேர்க்க மறப்பதே இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு.

நிதியாண்டுக்கும் அடிப்படை விதி அப்படியே பொருந்தும், ஜனவரி 1-க்குப் பதில் ஏப்ரல் 1-ஐ எடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 புதன். 2026–27 நிதியாண்டில் புதன் 53. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2028 பிப்ரவரி 29 வருவது 2027–28 நிதியாண்டில். அதனால் 366 நாள் கொண்டது அதுதான், 2028–29 அல்ல. 2027 ஏப்ரல் 1 வியாழன். ஆகவே 2027–28-இல் வியாழனும் வெள்ளியும் 53.

## தேர்வில் கேட்டால்

'லீப் ஆண்டில் 53 சனிக்கிழமைகள் வருவதற்கான நிகழ்தகவு என்ன?' என்பது பத்தாம் வகுப்பிலும் போட்டித் தேர்வுகளிலும் வழக்கமான கேள்வி. மிஞ்சும் இரண்டு நாட்கள் ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று தொடங்கி சனி-ஞாயிறு வரை ஏழு ஜோடிகளில் ஒன்றாக இருக்கும். சனி இடம்பெறுவது வெள்ளி-சனி, சனி-ஞாயிறு என்ற இரண்டில். விடை 2/7. சாதாரண ஆண்டு என்றால் 1/7.

'53 வெள்ளி அல்லது 53 சனி' என்று கேட்டால் 2/7 + 2/7 = 4/7 என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். வெள்ளி-சனி ஜோடி இரண்டு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டது. ஒன்றைக் கழித்து 3/7 என்பதே சரி. 'வெள்ளி அல்லது ஞாயிறு' என்றால் இரண்டும் சேர்ந்த ஜோடி கிடையாது, அங்கே 4/7 சரி.

தேர்வுக்கு இந்த விடை போதும். ஆர்வமுள்ளவர்களுக்கு: நாம் இன்று பயன்படுத்தும் ஆங்கிலக் காலண்டர் (கிரிகோரியன் காலண்டர்) 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழமை மாறாமல் அப்படியே திரும்பும். அந்த 400 ஆண்டில் 1,46,097 நாட்கள். சரியாக 20,871 வாரங்கள். லீப் ஆண்டுகள் 97. அந்த 97-இல் 28 ஆண்டுகளில் 53 சனி வருகிறது. 28/97 என்பது 2/7-ஐவிடச் சற்றே அதிகம். லீப், சாதாரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் முழுச் சமநிலை: ஏழு கிழமைகளும் ஒவ்வொன்றும் மிகச் சரியாக 71 ஆண்டுகளில் 53 முறை வருகின்றன. எங்களுக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த எண் இது.

இந்த விதிகள் காலண்டர் இடையில் வெட்டுப்படாத ஆண்டுகளுக்கே செல்லும். பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் 1752-இல் கிரிகோரியன் காலண்டருக்கு மாறியபோது செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 வியாழன் என்று வைத்தன. அந்த ஆண்டில் 355 நாள்தான். புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து கிழமைகள் 51 முறையும், திங்களும் செவ்வாயும் 50 முறையும் வந்தன.

## தமிழ் மாதங்களுக்கு

ஆடி வெள்ளி நான்கா ஐந்தா, புரட்டாசிச் சனி எத்தனை என்று கோயிலுக்கும் பூக்கடைக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டியிருக்கும். மீதி முறை இங்கும் செல்லும். ஆனால் தமிழ் மாத நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: ஆடி 31 அல்லது 32, புரட்டாசி 30 அல்லது 31, கார்த்திகை 29 அல்லது 30. அதனால் முதலில் பஞ்சாங்கத்திலோ தினசரிக் காலண்டரிலோ அந்த மாதத்தின் முதல் நாளையும் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி 31 நாள் என்றால், ஆடி 1 புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் ஐந்து வெள்ளி. 32 நாள் என்றால் செவ்வாயில் தொடங்கினாலும் ஐந்து. புரட்டாசி 30 நாளாக இருந்து வெள்ளி அல்லது சனியில் தொடங்கினால் ஐந்து சனி. 31 நாள் என்றால் வியாழனில் தொடங்கினாலும் ஐந்து. கார்த்திகைச் சோமவாரத்துக்கு வாய்ப்பு குறைவு: 29 நாள் கார்த்திகை திங்களில் தொடங்கினால் மட்டுமே ஐந்து, 30 நாள் என்றால் ஞாயிறில் தொடங்கினாலும் ஐந்து.